கலாயோகியும் கிரேக்கக் கலையும்

வவுனியாவிலுள்ள தொல்பொருட் காட்சிச்சாலையிலே, சுண்ணக்கல்லில் வடிக்கப்பெற்ற பழைய புத்தர் திருவுருவங்கள் சில வைக்கப்பட்டுள்ளன. வன்னி நிலத்தின் பழைமையை அறிய விழைவோர் அவற்றின் முன் சற்றே நின்று நோக்குவர். புத்தர் பெருமானுக்கு மனித உருவை முதன்முதலில் வகுத்தளித்தவர் யாவர்? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய அறிஞர் பலர் இவ்வினாவுக்குத் தந்த விடை, ‘கிரேக்கர்’ என்பதே. அவ்விடையைச் சான்றுகளோடு எதிர்த்து நின்றவர் இலங்கைத் தமிழ்க் குடியில் வந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமி ஆவர்.

அவர் 1877ஆம் ஆண்டு கொழும்பிலே பிறந்தார். தந்தையார் சேர் முத்து குமாரசுவாமி; தாயார் ஆங்கிலேயப் பெண்மணி. சைவக் குடியினராகிய தந்தையார், புத்தரின் தந்ததாதுவின் வரலாறு கூறும் பாளி நூலொன்றை 1874இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டவர். 1879இல் அவர் காலமாகவே, மைந்தர் இங்கிலாந்தில் வளர்ந்தார்.

இலண்டனில் அவர் பயின்றது கலையன்று, நிலவியலும் தாவரவியலுமே. 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பகுதிக்குத் தலைவராயிருந்தார். தோரியனைற்று என்னும் கனிப்பொருளைக் கண்டறிந்த பெருமையும் அவருக்குரியது. கல்லைத் தேடி ஊரூராய்ச் சென்றவரின் கண்ணிலே கைவினைஞரின் தொழிலும், அது நலிந்து வருவதும் பட்டன. அதன் பயனாக, இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய அவருடைய பெருநூல் 1908இல் வெளிவந்தது. 1917இல் அமெரிக்காவின் பொஸ்டன் நுண்கலைக் காட்சிச்சாலையில் இந்தியக் கலைப்பகுதிக்குப் பொறுப்பாளரானார். இறுதிவரை அவருடைய ஆராய்ச்சிக் களம் அதுவே.

இனி, அவர் எதிர்த்த கொள்கையைக் காண்போம். அலெக்சாந்தர் கி.மு. 326இல் சிந்து நதியைக் கடந்தான். அவனுக்குப் பின் கிரேக்க அரசர் சிலர் வடமேற்கிலே ஆண்டனர். அங்குள்ள காந்தார நாட்டுப் புத்தர் சிலைகளில் அலையலையான கூந்தலும், அப்பொல்லோ தேவனை ஒத்த முகமும், மடிப்பு மடிப்பாய் விழும் ஆடையும் காணப்படும். இவற்றைக் கண்ட பிரெஞ்சு அறிஞர் அல்பிரட் பூஷே, புத்தர் உருவமே கிரேக்கக் கலை ஈன்ற குழந்தை என வாதித்தார்.

காந்தாரச் சிலைகளிற் கிரேக்கச் சாயல் உண்டென்பதைக் குமாரசுவாமி மறுத்தாரல்லர். ஆயின், 1927இல் வெளிவந்த ‘புத்தர் உருவத்தின் தோற்றம்’ என்னும் கட்டுரையில் அவர் மதுரா நகரத்துச் சிலைகளைச் சான்றாக நிறுத்தினார். செம்மணற்கல்லில் ஆன அவ்வுருவங்களுக்கு ஒரு தோள் திறந்திருக்கும். வலக்கை அபயங் காட்டும். உடல் திண்ணியதாய் இருக்கும். அவற்றுக்கு முன்னோடி கிரேக்கத் தேவரல்லர். அந்நாட்டு மக்கள் நெடுங்காலமாக வழிபட்ட இயக்கர் சிலைகளே. யோகாசனத்தில் அமர்தலும் தாமரைப் பீடமும் கிரேக்கர் அறியாதவை. மேலும், உருவம் தோன்றுதற்குச் சிற்பியின் உளி மட்டும் போதாது. அதை வேண்டிநிற்கும் உள்ளமும் வேண்டும். அவ்வுள்ளத்தைத் தந்தது பக்திநெறி. அது பாரத மண்ணில் வளர்ந்தது என அவர் காட்டினார்.

இருவருள் வென்றவர் யார்? காந்தாரமும் மதுராவும் ஏறத்தாழ ஒரே காலத்திலே தத்தம் வழியிற் புத்தர் உருவைப் படைத்தன என்பதே பின்வந்த அறிஞர் பலரின் கருத்து. முந்தியது எது என்னும் வழக்கு முற்றாக முடிந்துவிடவில்லை. எனினும், கீழைநாட்டுக் கலையின் உயர்வெல்லாம் மேற்கிலிருந்து வந்த இரவற்பொருள் என்னும் எண்ணம் அன்றே ஆட்டங்கண்டது.

குமாரசுவாமி 1947இல் அமெரிக்காவிலே மறைந்தார். தம் மரபின்மேற் கொண்ட பற்றினால் அவர் பிறர் மரபை இழித்துரைத்தாரில்லை. பிளேட்டோவையும் உபநிடதங்களையும் ஒருங்கே கற்றுப் போற்றினார். வந்த பொருளை வந்ததென ஒப்புக்கொள்க. ஆக்கிய பொருளை ஆக்கியதென நிலைநாட்டுக. இரண்டுக்கும் சான்று காட்டுக. இதுவே அவர் காட்டிய நெறி. பல சமயத்தாரும் பல மொழியாரும் சுவடு பதித்த வன்னி மண்ணின் பழம்பொருள்களை ஆராயப் புகும் இளைஞர்க்கு, இதனினும் சிறந்த வழிகாட்டி வேறில்லை.