அதிரும் சல்லடை

மாவு சலிக்கும்போது சல்லடையை ஒரு கையில் ஏந்தி, மறு கையால் அதன் விளிம்பைத் தட்டுவது நம் வீடுகளில் அன்றாடம் காணும் காட்சி. அந்தத் தட்டல் எதற்காக? சல்லடையை அசையாமல் பிடித்திருந்தால் சிறிதளவு மாவு கீழே விழுந்தபின் மீதி நின்றுவிடுகிறது. துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, ஒவ்வொரு கண்ணுக்கும் மேலே சிறியதொரு வளைவு கட்டிவிடுகின்றன. தட்டும்போது அவ்வளைவு இடிகிறது, துகள்கள் விழுகின்றன, உடனே வேறொரு வளைவு எழும்புகிறது, மறுபடியும் தட்டுகிறோம். இந்தத் தட்டலை நொடிக்கு ஐம்பது தடவை செய்யும் கருவி ஒன்றை நம் கையாலேயே ஆக்கிக்கொள்ள முடியுமா என்பதுதான் இங்கே நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

பொடியைப் பிரிக்கும் தொழிலுக்கு நம் மொழியில் சொற்பஞ்சம் இல்லை. முறத்தை மேலும் கீழுமாக வீசிப் பதர் நீக்குவது புடைத்தல். பக்கவாட்டில் அசைத்துப் பிரிப்பது கொழித்தல். கண்ணுள்ள தட்டில் இட்டு அளவு பார்த்துப் பிரிப்பது சலித்தல். முறத்தையும் சுளகையும் கையாண்டவர்கள் அசைவின் திசைக்கேற்பப் பயனும் மாறுகிறது என்பதை நன்கு அறிந்திருந்தார்கள் போலும். இல்லாவிட்டால் அசைவுக்கொரு பெயர் ஏன் வைக்க வேண்டும்?

புனே நகரில் எங்களுக்கு இந்தத் தேவை வானத்திலிருந்து வந்தது என்றால் மிகையாகாது. வானியலில் பொதுமக்கள் ஈடுபாடு கொள்வது இந்நகரில் பழைய வழக்கம். ஜோதிர்வித்யா பரிசம்ஸ்தா என்னும் வானியல் ஆர்வலர் சங்கம் இங்கே 1944-இல் தோன்றியது. 1988-இல் நிறுவப்பெற்று, புனே பல்கலைக்கழக வளாகத்தில் அமைந்துள்ள பல்கலைக்கழகங்களிடை வானியல், வான்பௌதிக மையம் ஆசிரியர்களுக்கும் ஆர்வலர்களுக்கும் தொலைநோக்கியைத் தம் கையாலேயே செய்யப் பயிற்சி முகாம்கள் நடத்தியிருக்கிறது. அத்தகைய ஆர்வத்தின் தொற்று எங்களையும் பிடித்தது. அண்டை வீட்டார் நால்வர் கூடி, கார் நிறுத்தும் கொட்டகை ஒன்றில், 15 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள கண்ணாடி ஆடி ஒன்றை அரைக்கத் தொடங்கினோம்.

ஆடி அரைப்பது இரண்டு கண்ணாடி வட்டங்களுக்கு இடையே நீரும் கார்போரண்டம் தூளும் இட்டுத் தேய்க்கும் வேலை. அமெரிக்கரான எட்வர்டு அச்சிசன் 1891-இல் மின் உலையில் கண்டறிந்த பொருள் இது. கடினத்தில் வைரத்துக்கு அடுத்த சில படிகளுக்குள் நிற்பது. முதலில் 80 என்னும் எண்ணுள்ள பருந்தூள். பின்னர் 120, 220, 320, 400, 600 என்று வரவர நுண்ணிய தூள். கடைசியில் கீல் தளத்தின்மீது சீரியம் ஆக்சைடு கொண்டு மெருகேற்றம். முடிவில் ஆடியின் பரப்பு ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய 14,000-இல் ஒரு பங்குக்கு மேல் பிழையாமல் இருத்தல் வேண்டும்.

எங்கள் ஆடி 400-ஆம் எண் தூளை எட்டியிருந்த ஒரு மாலைப்பொழுதில் ‘கிரீச்’ என்று ஓர் ஒலி கேட்டது. தூக்கிப் பார்த்தால், நடுவிலிருந்து விளிம்புவரை நகத்தால் கிழித்தாற்போல ஒரு கீறல்! மூன்று வாரத்து உழைப்பு வீணாயிற்று. மறுபடியும் 220-க்கே திரும்ப வேண்டியதாயிற்று. நுண்தூள் பொட்டலத்தில் பருந்துகள் ஒன்று கலந்திருந்தது. விற்றவரின் தவறோ, அதே மேசைமேல் பருந்தூளைத் திறந்து வைத்த எங்கள் தவறோ, அறியோம். இரண்டாவதே உண்மையாயிருக்கும் என்று எங்களில் மூத்தவர் கருதுகிறார்.

அன்றுதான் சல்லடை செய்யப் புகுந்தோம். வலைக்கு அலைய வேண்டியதில்லை. துணியிலும் தாளிலும் அச்சிடுவோர் சட்டத்தில் இழுத்துக் கட்டும் பாலியெஸ்டர் வலைத்துணி இதற்கு ஏற்றது. அதைச் சென்டிமீட்டருக்கு இத்தனை இழை என்று கணக்கிட்டு விற்கிறார்கள். 100 இழை என்றால் ஓர் இழையும் ஒரு கண்ணும் சேர்ந்து 100 மைக்ரான். இழையின் பருமன் 40 மைக்ரான் எனில் கண் 60 மைக்ரான். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்திலொரு பங்கு. அகன்ற பிளாஸ்டிக் குழாயை அறுத்து வளையமாக்கி, வலையை அதன்மேல் மத்தளத் தோல்போல விறைப்பாக இழுத்து ஒட்டினால் சல்லடை ஆயத்தம். வலை தொய்ந்திருந்தால் அதிர்வு அதிலேயே அடங்கிப்போகும்.

இனி அதிர்வுக்கு வருவோம். புனேயில் புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் கூடும் ஜூனா பஜாரில் பழைய கணிப்பொறிகளின் சிறு விசிறிகள் மலிவாகக் கிடைக்கும். 12 வோல்ட்டில் ஓடுபவை. தூரிகை இல்லாத மோட்டார் ஆதலால் பொறி பறவாது. அதன் இறக்கை ஒன்றில், மையத்திலிருந்து 3 சென்டிமீட்டர் தள்ளி, 5 கிராம் எடையுள்ள ஒரு நட்டைப் பொருத்தினோம். சமநிலை குலைந்த விசிறி ஓடும்போது உதறுகிறது. அவ்வுதறலே நமக்கு வேண்டியது.

இந்த உதறலின் அளவைக் கணக்கிட்டுப் பார்ப்பது சுவையானது. நிமிடத்துக்கு 2,400 சுற்று என்று கொண்டால், அந்த 5 கிராம் நட்டு ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடைக்கு ஒப்பான விசையோடு விசிறியைச் சுற்றிச் சுற்றி இழுக்கிறது. சல்லடையும் தூளும் விசிறியும் சேர்ந்து 300 கிராம் இருக்குமானால், முழுவதும் அரை மில்லிமீட்டர் வீச்சில் அதிரும். அதன் முடுக்கம் புவியீர்ப்பைப்போல் மூன்று மடங்குக்குச் சற்றே மேல். தொழிற்சாலைச் சல்லடைகளிலும் மூன்று முதல் ஐந்து மடங்கு வரையே வழக்கம். ஒரு மடங்குக்குக் குறைந்தால் துகள் வலையை விட்டு எழும்பவே எழும்பாது. மிகவும் கூடினாலோ, துகள் கண்ணைத் தேடி இறங்குவதற்குள் மறுபடியும் துள்ளிவிடும். வேகமாக ஆட்டினால் விரைவில் சலியும் என்று நினைத்து நாங்கள் கனத்த நட்டுகளை மாட்டிப் பார்த்தோம். கொட்டகை முழுதும் தூள் பறந்ததே கண்ட பலன்.

விசிறியைப் படுக்கையாகப் பொருத்தினால் கொழித்தலும், நிமிர்த்தி வைத்தால் புடைத்தலும் நிகழ்கின்றன. நிமிர்த்தியதே எங்களுக்குக் கைகொடுத்தது. சல்லடையை மேசைமீது நேரே வைக்காமல் மூன்று பஞ்சுத் துண்டுகளின்மீது அமர்த்த வேண்டும். இல்லையேல் மேசைதான் சலிக்கும். நிறுத்தும் வேளையில் வேகம் குறைந்துவரும்போது ஒரு கணம் முழுவதும் பேயாட்டம் ஆடும். பஞ்சின் இயல்பான அதிர்வும் விசிறியின் வேகமும் ஒத்துப்போகும் கணம் அது. அப்போது கையால் பிடித்துக்கொண்டால் போதும்.

மீன் தொட்டிக்குக் காற்றூட்டும் சிறு பொறியும் இதற்கு ஆகும். அதனுள்ளே மின்காந்தத்தின் முன் ஒரு காந்தம் நொடிக்கு 50 முறை ஆடுகிறது. அந்த அளவில் பத்திலொரு மில்லிமீட்டர் வீச்சே புவியீர்ப்புக்குச் சமமான முடுக்கம் தந்துவிடும். ஆனால் அதைப் பிரித்தால் வீட்டு மின்சாரம் வெறுங்கம்பியில் நிற்கும் என்பதால் நாங்கள் அதை விலக்கினோம். பழைய ஒலிபெருக்கி ஒன்றையும் முயன்றோம். தூள் முழுதும் கோடுகளாகவும் வளையங்களாகவும் ஒதுங்கி நின்றதேயன்றிச் சலியவில்லை. 1787-இல் ஜெர்மானியரான கிளாட்னி அதிரும் தகடுகளின்மீது மணல் தூவிக் காட்டிய அதே கோலங்கள்! மணல் அதிர்வற்ற இடத்தில் ஒதுங்க, மிக நுண்ணிய தூள் மாறாக அதிர்வு மிகுந்த இடத்தில் குவிவதேன் என்பதை 1831-இல் மைக்கேல் ஃபாரடே விளக்கினார்; தகட்டின்மேல் எழும் காற்றோட்டமே அதற்குக் காரணம். வேலை நடக்கவில்லையென்றாலும் அந்த மாலை வீணானதாக எங்களுக்குத் தோன்றவில்லை.

கண்ணின் அளவை ஏறக்குறைய ஒத்த துகள்கள் வலையில் செருகிக்கொண்டு அடைத்துவிடுவது அடுத்த தொல்லை. சிறு ரப்பர்ப் பந்துகள் நான்கைந்தை வலைமேல் போட்டால் அவை துள்ளித் துள்ளி அடைப்பை நீக்கும். மழைக்காலத்தில் தூள் ஈரம் ஈர்த்துக் கட்டி தட்டும். வெயிலில் உலர்த்தியே இடவேண்டும். எப்போது நிறுத்துவது? மேலும் ஒரு நிமிடம் ஓடவிட்டும் வலைமேல் எஞ்சியதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே விழுந்தால், சலிப்பு முடிந்தது.

இவ்வளவும் 220-ஆம் எண் வரைக்குமே. அதற்கும் நுண்ணிய தூளில் துகளின் எடையைவிட அவை ஒன்றையொன்று பற்றும் பற்று வலிமையாகிவிடுகிறது. ஆட்டினால் பிரிவதற்கு மாறாக உருண்டை கட்டுகிறது. எங்கள் ஆடியைக் கெடுத்ததோ 400-ஆம் எண்! ஆகவே அதை நீரில் கரைத்து, அதிரும் வலையின் வழியே கழுவி இறக்கினோம். 17 மைக்ரான் அளவுள்ள துகள்கள் 60 மைக்ரான் கண்ணில் தடையின்றிச் செல்ல, வழிதவறி வந்த பருந்துகள் மட்டும் மேலே தங்கிவிடும். அதன்பின் வண்டல் முறை. பத்துச் சென்டிமீட்டர் ஆழமுள்ள நீரில் 20 மைக்ரான் துகள் அடியை அடைய மூன்றரை நிமிடமும், 10 மைக்ரான் துகளுக்குப் பதினான்கு நிமிடமும் ஆகும். அளவு பாதியானால் காலம் நான்கு மடங்கு. கடிகாரத்தைப் பார்த்து மேல்நீரை வடித்தெடுத்தால் அளவுக்கேற்ற தூள் தனித்தனியே கிடைத்துவிடும்.

எச்சரிக்கை இரண்டு. உலர்ந்த தூள் சலிக்கும்போது மேலே மூடியும் கீழே தட்டும் இருக்கவேண்டும். மூக்கை நன்கு கவ்வும் தூசிக் கவசம் அணிய வேண்டும். மத்தியப் பிரதேசத்து மந்தசோரில் சிலேட்டுக் குச்சி அறுத்த தொழிலாளர் பலர் கல்தூசியால் நுரையீரல் இறுகி இளமையிலேயே மாண்டனர். கார்போரண்டம் அக்கல்தூசியளவு கொடியதன்று. எனினும் சுவாசிக்கத் தக்கதுமன்று. அலுமினியம் போன்ற எரியும் உலோகத்தூளை இக்கருவியில் ஒருபோதும் இடலாகாது. காற்றில் மிதக்கும் அத்தூளுக்கு ஒரு சிறு பொறியே போதும்; அப்பொறி மோட்டாரிலிருந்துதான் வரவேண்டுமென்பதில்லை, வலையில் ஏறும் நிலைமின்னும் அதைத் தந்துவிடும்.

எங்களிடம் இப்போது மூன்று வலைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி நிறக் கயிறு கட்டித் தனித்தனி ஆணியில் மாட்டியிருக்கிறோம். நுண்வலையை முதலிலும் பருவலையை இறுதியிலும் பயன்படுத்துகிறோம். இடையில் மேசையை ஈரத்துணியால் துடைக்கிறோம். ஆடி மறுபடியும் 400-ஐக் கடந்து 600-க்கு வந்துவிட்டது. தேய்க்கும்போது நால்வரும் பேச்சை நிறுத்திக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறோம். இதுவரை ‘சர்’ரென்ற மெல்லிய ஒலியைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை.