பதினைந்து நொடியில் ஒரு வகுப்பறை

ஐம்பது நிமிடப் பாடவேளையில் பாடம் நடந்தது எத்தனை நிமிடம்? கால அட்டவணையைப் பார்த்தால் தெரியாது. வருகைப் பதிவு, நோட்டு விநியோகம், சத்தம் அடக்குவது, கரும்பலகை அழிப்பது என்று நிமிடங்கள் கரைந்துகொண்டே இருக்கும்.

இதைக் கணக்கெடுக்க 1970-களில் ஒரு முறையை உருவாக்கினார் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் ஜேன் ஸ்டாலிங்ஸ். தேவைப்படுபவை ஒரு படிவம், ஒரு பேனா, ஒரு கடிகாரம். பார்வையாளர் வகுப்பில் ஓரமாக உட்கார்ந்து, சம இடைவெளியில் பத்து முறை நிமிர்ந்து பார்ப்பார். ஒவ்வொரு முறையும் 15 நொடிதான். முதலில் ஆசிரியர், பிறகு கடிகாரம் சுற்றும் திசையில் மாணவர்கள் என்று பார்வை ஒரு வட்டம் அடித்துவிடும். ஆசிரியர் விளக்குகிறாரா, கேள்வி கேட்கிறாரா, கண்டிக்கிறாரா? கையில் பாடநூலா, வேறு பொருளா? முழு வகுப்போடு பேசுகிறாரா, ஒரே ஒரு பிள்ளையோடா? மற்ற பிள்ளைகள் அப்போது என்ன செய்கிறார்கள்? அத்தனையும் படிவத்தின் கட்டங்களில் குறியாகிவிடும். ஆசிரியர் வெளியே போயிருந்தால் அதற்கும் ஒரு கட்டம் உண்டு.

நல்ல வகுப்பில் 85 சதவீத நேரமாவது கற்பித்தலுக்குப் போகவேண்டும் என்பது இந்த முறையின் அளவுகோல்.

லத்தீன் அமெரிக்க, கரீபியப் பகுதியின் ஏழு நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட வகுப்புகளை உலக வங்கி இப்படிப் பார்த்து, 2014-இல் முடிவுகளை வெளியிட்டது. எந்த நாட்டின் சராசரியும் 65 சதவீதத்தைத் தாண்டவில்லை. அளவுகோலை எட்டாத அந்த இடைவெளி ஐம்பது நிமிடத்துக்குப் பத்து நிமிடம் என்றால், வாரத்தில் ஒரு நாள் பள்ளியே நடக்காத கணக்கு! அதைவிட முக்கியமான செய்தி ஒன்றும் கிடைத்தது. ஒரே பள்ளிக்குள்ளேயே வகுப்புக்கு வகுப்பு பெரிய வித்தியாசம் இருந்தது. நேரத்தைக் கட்டிக்காக்கும் வித்தை தெரிந்த ஆசிரியர் பெரும்பாலும் பக்கத்து அறையிலேயே இருக்கிறார்.

பிரேசிலின் சியாரா மாநிலம், பக்கத்து அறை ஆசிரியரிடமிருந்தே கற்கும் வழியில் இறங்கியது. உயர்நிலைப் பள்ளிகளுக்கு அவற்றின் அளவீட்டையே கையில் கொடுத்து, ஆசிரியர்கள் ஒருவர் வகுப்பை ஒருவர் பார்த்துப் பேச ஊக்குவித்தார்கள். கற்பித்தல் நேரம் கூடியது.

பாடம் பிள்ளைக்குப் புரிந்ததா என்பதை இந்தப் படிவம் சொல்லாது. கரும்பலகையைப் பார்த்து எழுதுவதும் இதில் கற்பித்தல் கணக்கில்தான் சேரும். எனவே இதை வைத்து ஆசிரியருக்கு மதிப்பெண் போடுவது தவறு.

இந்தியாவின் கல்வி உரிமைச் சட்டம் 2009, ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 800 மணி நேரக் கற்பித்தலைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அதில் உண்மையில் பாடம் நடப்பது எவ்வளவு என்று அறிய, தலைமையாசிரியர்கள் மாதம் ஒரு பாடவேளையாவது இப்படிக் கணக்கெடுத்து, முடிவை முதலில் அந்த ஆசிரியரிடமே கொடுக்கட்டும்.