குறைவாக ஓடிய பைக் என்றால் நல்ல பைக்கா?

2023 இல் நான் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினேன். 2018 இல் பதிவான வண்டி. மீற்றரில் 7,000 கிலோமீற்றர் கூட இல்லை. வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு மூன்று வருடங்கள் கடந்திருந்த நேரம் அது. தான் வாங்கிய விலையை விடக் கூடுதலாக விற்பவர் கேட்டாலும் வாய் திறக்க முடியாது. மனைவியின் காப்பை விற்றுத்தான் சல்லியைக் கொடுத்தேன்.

மூன்றாவது கிழமை முன் ஃபோர்க்கில் ஒயில் ஒழுகியது. பிறகு பற்றரி போனது. அதன் பிறகு காலையில் ஸ்டார்ட் ஆகவே மறுத்தது. பாடசாலைக்குப் பிந்திப் போய் அதிபரிடம் எத்தனை தடவைதான் பைக்கைக் காரணம் சொல்வது? கராஜில் காபரேட்டரைக் கழற்றினால் உள்ளே பெற்றோல் காய்ந்து பிசினாகப் படிந்திருந்தது. டேங்கின் அடியில் துரு.

"மீற்றரைத் திருப்பி வெச்சிருக்கானா?" என்று கேட்டேன்.

"இல்ல சேர், மீற்றர் சரிதான். இது ஓடாமக் கிடந்த பைக்" என்றார் மெக்கானிக்.

யோசித்துப் பார்த்தால் அதுதான் உண்மை. 2020, 2021 இல் முடக்கம். 2022 இல் பெற்றோல் வரிசை. கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான். ஐந்து வருடத்தில் 7,000 என்றால் நாளொன்றுக்கு 4 கிலோமீற்றர் கூட இல்லை. எத்தனையோ பைக்குகள் வீட்டு முற்றத்தில் கடல் உப்புக் காற்றில் நின்றன. இறப்பர் சீல்கள் ஓடாவிட்டாலும் காய்ந்து வெடிக்கும். சார்ஜ் ஏறாத பற்றரி செத்துவிடும். என்ஜின் ஒயிலுக்கும் தூரக் கணக்கு மட்டுமல்ல, மாதக் கணக்கும் உண்டு. இதையெல்லாம் மீற்றர் காட்டாது.

மீற்றரைத் திருப்புகிறவர்களும் இல்லாமலில்லை. அதைப் பிடிக்க, கால் வைக்கும் இறப்பர், ஹேண்டில் கிரிப், செயின் பல்லுச் சக்கரம் ஆகியவற்றைப் பாருங்கள். 7,000 ஓடிய வண்டியில் சக்கரப் பற்கள் கூராகத் தேய்ந்திருக்காது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2317 என்றால் 2017 ஆம் ஆண்டின் 23 ஆவது கிழமையில் செய்த டயர். பதிவான ஆண்டுக்குப் பிந்திய டயர் என்றால், இவ்வளவு குறைவாக ஓடியதற்கு ஏன் மாற்றினீர்கள் என்று கேளுங்கள். பழைய டயரே இருந்தால் அதில் வெடிப்பைத் தேடுங்கள். நான் இரண்டையும் செய்யவில்லை. மினுங்கிய டேங்கைப் பார்த்து மயங்கிவிட்டேன்.

என்ஜின் சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணிக் காட்டினால் நம்ப வேண்டாம். காலையில், ஆறிய என்ஜினோடு போய்ப் பாருங்கள்.

பதிவுப் புத்தகம் தனிக் கதை. என்ஜின், செஸி இலக்கங்களை நீங்களே ஒப்பிட வேண்டும். லீசிங் கம்பனியின் பெயர் அதில் இன்னும் இருந்தால், அது நீங்கும்வரை அட்வான்ஸ் கூடக் கொடுக்காதீர்கள். "நம்மட ஆள்தானே" என்று ஓபன் பேப்பரில் வாங்கி, பிறகு முதல் உரிமையாளரைத் தேடி ஊர் ஊராக அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

என் வண்டியை விற்றவர் பொய் சொல்லவில்லை. ஒரு வருடம் நின்றது என்பதை மட்டும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இன்றும் ஜும்ஆவில் சந்தித்தால் ஸலாம் சொல்லிக்கொள்கிறோம், பைக்கைப் பற்றிப் பேசுவதில்லை.

போன மாதம் தங்கையின் மகனுக்காக இரண்டு பைக் பார்த்தோம். ஒன்று 9,000 ஓடியது, மற்றது 34,000. இரண்டாவதை வைத்திருந்தவர் தினமும் வேலைக்கு ஓடியவர். ஒயில் மாற்றிய திகதிகளை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார். மருமகனுக்கு முகம் வாடியது. 34,000 ஓடியதற்கே அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தோம்.