குழந்தைக்குப் பேச்சு கற்றுத்தருமா கம்ப்யூட்டர்?

வீட்டுக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கும் நண்பர்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி இது: "குழந்தைக்கு ரைம்ஸ் வீடியோ போட்டுக் காட்டினால் சீக்கிரம் பேசுமா?"

நானும் அப்படி நம்பியவன்தான். அக்கா மகளுக்கு ஒன்பது மாதம் ஆனபோது, இரண்டு மணி நேரம் ஓடும் ரைம்ஸ் பிளேலிஸ்ட் ஒன்றை அக்காவின் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தேன். சாஃப்ட்வேர் இன்ஜினியர் தாய்மாமன் செய்த சீர் என்று வீட்டில் ஒரே பெருமை! ஒருநாள் குழந்தை மானிட்டரைப் பார்த்து "ங்கா" என்றாள். பாட்டு அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு முறை சொல்லிப் பார்த்தாள். பிறகு பேசாமல் விரலைச் சூப்பத் தொடங்கிவிட்டாள். எனக்கு என்னவோ போலாகிவிட்டது. அன்றிரவே இதுபற்றித் தேடிப் படித்தேன்.

ஆய்வுகள் சொல்வது என்ன?

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பட்ரீஷியா கூல் குழுவினரின் ஆய்வு 2003-ல் வெளியானது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுடன் சீன மொழி பேசுபவர்கள் நேரில் உட்கார்ந்து, 12 முறை விளையாடிப் பேசினார்கள். அந்தக் குழந்தைகள் சீன மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. அதையே டிவிடியில் பார்த்த குழந்தைகளிடம் எந்த முன்னேற்றமும் தெரியவில்லை.

2014-ல் வெளியான இன்னொரு அமெரிக்க ஆய்வில், இரண்டு முதல் இரண்டரை வயதுக் குழந்தைகள் புதிய சொற்களை நேரிலும் வீடியோ காலிலும் கற்றன. பதிவு செய்த வீடியோவில் கற்கவில்லை.

இரண்டும் திரைதானே, பிறகு ஏன் இந்த வித்தியாசம்? பதிவு செய்த வீடியோவில் அவுட்புட் மட்டும்தான் உண்டு. குழந்தையின் பார்வை, சிரிப்பு, மழலை போன்ற இன்புட் எதையும் அது வாங்கிக்கொள்வதில்லை. வீடியோ காலில் எதிரே ஓர் ஆள் இருந்து பதில் தருகிறார்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. குழந்தை "ங்கா" என்றால் நீங்களும் "ங்கா" சொல்லுங்கள். பிறகு சில விநாடிகள் பொறுங்கள். அடுத்த முறை குழந்தையுடையது.

2. குழந்தை எதைப் பார்க்கிறதோ அதன் பெயரைச் சொல்லுங்கள். காக்காவைப் பார்க்கும்போது பொம்மையைக் காட்டி இழுக்காதீர்கள்.

3. குளிப்பாட்டும்போதும் சோறு ஊட்டும்போதும் செய்வதையெல்லாம் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். "இதோ தண்ணி, இது பாப்பா கை" என்பதே போதும்.

4. கொஞ்சும் நேரத்தில் மொபைலைத் தள்ளி வையுங்கள். 1970-களில் எட்வர்ட் ட்ரோனிக் நடத்திய சோதனையில், தாய் சிறிது நேரம் முகத்தில் சலனமே இல்லாமல் இருந்தார். குழந்தை அவரைத் திருப்பப் பார்த்தது. முடியாதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டது.

கம்ப்யூட்டர் எதற்கு?

இரண்டு வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளுக்கு உறவினர்களுடன் எப்போதாவது பேசும் வீடியோ காலைத் தவிர வேறு திரை வேண்டாம் என்று, இந்தியக் குழந்தை மருத்துவ அகாதமி 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. வீடியோ கால் செய்யும்போது வெப்கேமராவைக் கண் மட்டத்தில் வையுங்கள். வெளிச்சம் முகத்தில் விழட்டும். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் இருட்டாகத் தெரியும். ஒலி தாமதமாக வரலாம் என்பதால் பதிலுக்குக் காத்திருக்கச் சொல்லுங்கள். குழந்தை பக்கத்தில் பெரியவர் ஒருவர் அவசியம் இருக்க வேண்டும்.

என் அத்தான் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். இப்போது அந்த பிளேலிஸ்டை டெலிட் செய்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வெப்கேமரா முன் உட்கார்ந்து "ங்கா" என்று சொல்லிவிட்டுக் காத்திருக்கிறார். மகள் அக்காவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு, பிறகு அவருக்குப் பதில் சொல்கிறாள்.

ஒரு முக்கியக் குறிப்பு: ஒரு வயதாகியும் குழந்தை மழலை பேசவில்லை, சைகை காட்டவில்லை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். குழந்தை மருத்துவரிடம் காட்டி, காது கேட்கும் திறனையும் பரிசோதித்துவிடுங்கள்.