வழியும் ஒரு காட்சியே: குழந்தைகள் அருங்காட்சியகத்தின் இட அமைப்பு

பெரியவர்களுக்கென்று அமைந்த அருங்காட்சியகத்தில், கால வரிசையை அனுசரித்துக் கூடம் கூடமாக நடந்து செல்வது வழக்கமாதலால், அங்கே சுவரும் கண்ணாடிப் பேழையும் பிரதான ஸ்தானம் பெறுகின்றன. குழந்தைகள் அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்களோ ஓடுவார்கள், வந்த வழியே திரும்புவார்கள், மனத்துக்குப் பிடித்ததைக் கண்டால் அதை விட்டு அகல மறுப்பார்கள். ஆகவே இங்கே, எந்தப் பொருளை வைப்பது என்று யோசிப்பதற்கு முன்னரே, தரையை எவ்விதம் பங்கிடுவது என்ற பிரச்சினை எழுந்துவிடுகிறது.

உலகில் குழந்தைகளுக்கென்றே தோன்றிய முதல் அருங்காட்சியகம் 1899-இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், பூங்காவொன்றின் பழைய மாளிகையில் ஆரம்பமாயிற்று. 1977-இல் ஹார்டி ஹோல்ஸ்மன் ஃபைஃபர் என்னும் கட்டடக் கலைஞர் குழுவினர் அதற்குப் புதிய கட்டடம் அமைத்தபோது, அதன் பெரும்பகுதியைப் பூமிக்கடியில் வைத்து, பழைய டிராம் நிலையத்துச் சிறு மண்டபத்தையே வாயிலாக நிறுத்தி, அங்கிருந்து நெளிதகட்டாலான பெருங்குழாய் ஒன்றைச் சரிவாக உள்ளே இறக்கி, அதனூடே ஓர் ஓடையையும் ஓடவிட்டார்கள். தண்ணீரைத் தொட்டும் தடுத்தும் விளையாடியபடியே குழந்தைகள் கீழ்த்தளங்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நடைபாதை வேறு, காட்சி வேறு என்ற பேதம் அங்கே மறைந்துபோயிற்று.

இண்டியானாபோலிஸ் நகரத்துக் குழந்தைகள் அருங்காட்சியகத்தில் தளங்களைச் சுழல்சரிவுப் பாதை ஒன்று இணைக்கிறது. அதன் நடுவே கலைஞர் டேல் சிஹுலி உருவாக்கிய 43 அடி உயரக் கண்ணாடிக் கோபுரம் நிற்பதால், எந்தத் தளத்தில் இருப்பவர்க்கும் அதுவே திசை காட்டும் அடையாளமாகிறது. படியில்லாமையால் தள்ளுவண்டியும் சக்கர நாற்காலியும் சிரமமின்றிச் செல்கின்றன.

பாஸ்டன் நகரத்தில், பழைய கிடங்கொன்றில் இயங்கும் அருங்காட்சியகம், மூன்று மாடி உயரத்துக்கு ஏறி விளையாடும் அமைப்பொன்றைக் கம்பி வலைக்குள் நடுக்கூடத்தில் நிறுத்தியிருக்கிறது. குழந்தைக்குச் சாகசம், வெளியில் நிற்கும் தாய்க்கோ, வலையினூடே பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்ற நிம்மதி. தவழும் பருவத்தினர் மீது ஓடுகிற பெரிய பிள்ளைகள் மோதிவிடாதபடி, அங்கே சிறு மழலையர்க்குப் பிரத்தியேக இடமும் உண்டு.

இவற்றிலிருந்து சில பொது விதிகள் புலப்படுகின்றன. நீண்ட நேரான தாழ்வாரம் பிள்ளைகளை ஓடத் தூண்டுமாகையால், இடையிடையே அதை வளைத்தோ அகலப்படுத்தியோ வேகத்தைத் தணிக்க வேண்டும். தடுப்புகள் குழந்தைக்குத் தனி உலகம் போலத் தோன்றும் உயரமும், பெற்றோரின் பார்வையை மறைக்காத தாழ்வும் ஒருங்கே உடையனவாயிருத்தல் நலம். நீர் விளையாட்டு, வடிகாலுக்கும் கழிப்பறைக்கும் அருகிலும், ஆரவாரமான பகுதி, கதை கேட்கும் அமைதியான மூலைக்குத் தொலைவிலும் அமைய வேண்டும். பிள்ளை தனியே வெளியேறிவிடாமலிருக்க, எல்லா வழிகளும் கண்காணிப்புள்ள ஒரே வாயிலில் வந்து சேர்வது உத்தமம். அபாய காலத்து வழிகள் மட்டும் இதற்கு விலக்கு.

இவ்வளவு யோசனையும் குழந்தை தன் பாதையைத் தானே தேர்ந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே. ஆதலால் அத்தகைய இடத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர்கள், எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டுமென்று கையைப் பிடித்து இழுக்காமல், ஓரடி பின்னே நடந்து செல்வார்களாக.