இறம்பொடையிற் பிறந்த கடற்படைத் தலைவர்

உலக வரலாறு பயிலும் மாணவர் எவரும் 'ட்ரெட்னோட்' என்னும் போர்க்கப்பலின் பெயரைக் கேள்வியுறாதிருத்தல் அரிது. முதலாம் உலகப் போருக்கு முற்பட்ட படைக்கலப் போட்டியை விளக்கும் நூல்களெல்லாம் அப்பெயரைக் குறிப்பிடும். ஆயின், அக்கப்பலை ஆக்குவித்த அட்மிரல் ஜோன் ஆர்பத்நட் பிஷர் நமது மலைநாட்டிற் பிறந்தவர் என்பதை அறிந்தோர் சிலரே. அவருடைய வாழ்வையும் பணியையும் சுருங்க ஆராய்ந்து, அவற்றால் நாம் பெறத்தக்க படிப்பினை யாதெனக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிஷர் 1841ஆம் ஆண்டு சனவரி 25ஆம் நாள் இறம்பொடையிற் பிறந்தார். கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் வழியில், அருவியினாற் பெயர்பெற்ற ஊர் அது. தந்தையாரான கப்டன் வில்லியம் பிஷர் தேசாதிபதி சேர் ரொபேட் வில்மட் ஹோட்டனின் மெய்க்காவற் பணியிலிருந்த தரைப்படை அதிகாரி; பின்னர்ப் படைத்தொழிலைத் துறந்து கோப்பித் தோட்டக்காரரானார். அக்காலத்தில் இலங்கையின் மலைச்சாரல்களெங்கும் காடழித்துக் கோப்பி நாட்டப்பட்டது. தேசாதிபதி முதலாகப் போர்வீரர், குருமார் ஈறாக ஆங்கிலேயர் பலர் அவ்வேட்கைக்கு ஆட்பட்டனர். கோப்பியின் விலை 1847ஆம் ஆண்டளவில் வீழ்ச்சியுற்றபோது அவர்களுட் பலர் கடனாளிகளாயினர். பிஷரின் தந்தையாரும் அவர்களுள் ஒருவர். பிறந்த பிள்ளைகள் பதினொருவருள் எழுவரே பிழைத்த அக்குடும்பத்தின் மூத்த மகன் தனது ஆறாவது வயதில் இலண்டனிலிருந்த தாய்வழிப் பாட்டனாரிடம் அனுப்பப்பட்டான்.

இவ்விடத்தில் நாம் மறத்தற்கியலாத செய்தியொன்று உளது. அதே ஆண்டுகளில், அதே கோப்பிக்காக, தமிழகத்தின் வறண்ட ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கான ஏழை மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காடுகளினூடே மாத்தளை நோக்கி நடந்தனர். பேதியினாலும் காய்ச்சலினாலும் வழியில் மாண்டோர் பலர். தோட்டக்காரனின் மகன் எந்நாளிற் பிறந்தான், எக்கப்பலிற் சேர்ந்தான் என்பன ஏடுகளில் உள்ளன; அத்தோட்டங்களை ஆக்கியோரின் மக்களுக்கோ ஏட்டில் இடமில்லை. பிஷரை 'நம் நாட்டவர்' என்று பெருமை பாராட்டுமுன் இவ்வேறுபாட்டை நினைத்தல் வேண்டும்.

இனி அவர்தம் கடற்றொழிலை நோக்குவோம். அக்காலத்தில் ஆங்கிலக் கடற்படையில் அதிகாரியாகச் சேர்வதற்குச் செல்வாக்குடையார் ஒருவரின் பரிந்துரை வேண்டும். பிஷருக்கு ஞானத்தாயாக அமைந்த ஹோட்டன் சீமாட்டி, நெல்சனிடம் கப்டனாகப் பணிபுரிந்தோருள் எஞ்சியிருந்த அட்மிரல் சேர் வில்லியம் பார்க்கர் வாயிலாக அதனைப் பெற்றுக் கொடுத்தார். 1854ஆம் ஆண்டு யூலை 13ஆம் நாள், பதின்மூன்று வயதுச் சிறுவனாகப் பிஷர் கடற்படையிற் சேர்ந்தார். கிரைமியப் போரின்போது போல்டிக் கடலிலும் அதன்பின் சீனக் கடல்களிலும் பணிபுரிந்தார். 1859இல் தாக்குக் கோட்டைத் தாக்குதலில் ஆங்கிலேயர் அடைந்த பெருந்தோல்வியை நேரிற் கண்டார். சீனத்தில் அவருக்கு மேலதிகாரியாயிருந்த கப்டன் ஷாட்வெல் வானியல் வல்லவர். இளைஞரான பிஷரின் ஆற்றலை முதலில் இனங்கண்டு வளர்த்தவர் அவரே. நல்லாசிரியன் ஒருவனின் கண்ணிற்படுதல் மாணவனுக்கு வாய்க்கும் பேறுகளுள் தலையாயது என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

பதின்மூன்று வயதோடு பள்ளிக்கல்வி முடிவுற்றபோதிலும் பிஷர் கற்பதை நிறுத்தினாரல்லர். பீரங்கிக்கலையில் தேர்ந்து, இரும்புக் கவசம் பூண்ட 'வொரியர்' கப்பலில் அத்துறை அதிகாரியாயினார். மின்சாரம் புதுமையாயிருந்த அந்நாளில், 1868இல், மின்சாரத்தையும் அதனால் இயங்கும் டோர்பீடோக்களையும் பற்றி நூலொன்று எழுதினார். 1874இல் கப்டன் பதவி பெற்றார். 1882இல் 'இன்ஃப்ளெக்சிபிள்' கப்பலின் தலைவராக அலெக்சாந்திரியா நகர்மீது நிகழ்ந்த குண்டுவீச்சிற் பங்குபற்றினார். புகையிரதம் ஒன்றுக்குக் கவசமும் பீரங்கியும் பூட்டித் தரையிலும் போர் நடத்தினார். அங்கே கண்ட வயிற்றளைச்சல் அவரை நெடுநாள் வருத்தியது. பின்னர்ப் பீரங்கிப் பயிற்சிக்கூடத் தலைவர், படைக்கலப் பணிப்பாளர் எனப் படிப்படியாக உயர்ந்து, 1892இல் கப்பற் கட்டுமானம் முழுவதற்கும் பொறுப்பான மூன்றாம் கடற்பிரபுவானார். டோர்பீடோப் படகுகளை விரட்டியழிக்கும் விரைவுக் கப்பல்களாகிய நாசகாரிகள் தோன்றியது அவர் காலத்திலேயே.

1899இல் ஹேக் நகரிற் கூடிய சமாதான மகாநாட்டுக்கு அவர் ஆங்கிலக் கடற்படையின் பிரதிநிதியாகச் சென்றார். போரை மென்மையாக்கலாம் என்னும் கொள்கையை அவர் ஏற்றாரல்லர். பகைவன் அஞ்சத்தக்க ஆயத்தமே சமாதானத்தைக் காக்கும் என்பது அவர் துணிபு. அதே ஆண்டு மத்தியதரைக் கடற்படையின் தலைமையை ஏற்று, நெடுந்தூரக் குறிபார்த்துச் சுடுதலையும் விரைந்த ஓட்டத்தையும் ஓயாது பயிற்றுவித்தார்.

ஆசிரியராகிய எம்போல்வாரை மிகவும் கவர்வது அவர் 1902 முதல் மேற்கொண்ட கல்விச் சீர்திருத்தமாகும். அதுவரை கப்பலை நடத்தும் அதிகாரிகளும் பொறிகளை இயக்கும் பொறியியலாளரும் வெவ்வேறு சாதியினர்போல் வாழ்ந்தனர். எண்ணெய் படிந்த கையினரை ஏனையோர் இழிவாக எண்ணினர். பிஷர் இரு சாராரையும் இளமையிலேயே ஒரே கல்லூரியிற் சேர்த்து ஒரே கல்வி பயிற்றும் திட்டத்தை வகுத்தார். 1903இல் ஒஸ்போண் கல்லூரி தொடங்கப்பட்டது. செல்வர் வீட்டுப் பிள்ளைகளே அதிகாரிகளாதல் நாட்டுக்குக் கேடென்றும், கட்டணத்தை அரசே ஏற்று ஏழையருக்கும் வாயில் திறக்க வேண்டுமென்றும் அவர் வாதித்தார். வறிய நிலையிற் கடற்படை புகுந்தவராதலின் அதன் தேவையை அவர் நன்குணர்ந்திருந்தார்.

1904ஆம் ஆண்டு ஒக்டோபரில் அவர் முதற் கடற்பிரபுவாக, கடற்படையின் முழுத்தலைமையையும் ஏற்றார். போருக்குதவாத பழங்கப்பல்கள் நூற்றைம்பதுக்கு மேற்பட்டவற்றைச் சேவையினின்றும் நீக்கினார். ஒதுக்கிலிருந்த கப்பல்களில் மாலுமிகளின் ஐந்தில் இரு பங்கினரை நிலையாக அமர்த்தி, அவை குறுகிய காலத்தில் போருக்கெழ வழிசெய்தார். 1905ஆம் ஆண்டுக்கான செலவு ஏறக்குறைய 35 இலட்சம் பவுண் குறைந்தது.

இச்சிக்கனத்தின் விளைவாக மூடப்பட்ட கப்பற் பணிமனைகளுள் நமது திருக்கோணமலையும் ஒன்று. உலகைப் பூட்டும் திறவுகோல்கள் ஐந்து என்று கூறிய பிஷர், டோவர், ஜிப்ரால்டர், அலெக்சாந்திரியா, நன்னம்பிக்கை முனை, சிங்கப்பூர் ஆகியவற்றையே எண்ணினார்; தாம் பிறந்த தீவின் பெருந்துறைமுகம் அவர் கணக்கிற் சேரவில்லை. செர்மனியை எதிர்நோக்கி வடகடலிற் படைதிரட்டியவருக்குக் கீழைக்கடல் இரண்டாம் இடத்தது. திருக்கோணமலை பின்னர் மீண்டும் தளமாக்கப்பட்டு, 1942 ஏப்பிரலில் யப்பானியரின் குண்டுவீச்சுக்குள்ளாகி, 1957இல் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டமை யாவரும் அறிந்தது.

'அஞ்சாதது' என்று பொருள்படும் 'ட்ரெட்னோட்' 1905 ஒக்டோபர் 2ஆம் நாள் கட்டத் தொடங்கப்பெற்று, ஓராண்டும் ஒருநாளும் கழிந்தபோது வெள்ளோட்டத்துக்கு ஆயத்தமாயிற்று. முந்திய போர்க்கப்பல்கள் பன்னிரண்டு அங்குலப் பீரங்கிகள் நான்கும் சிறியன பலவும் கொண்டவை. இது பன்னிரண்டு அங்குலப் பீரங்கிகள் பத்தினைத் தாங்கியது. பெரிய போர்க்கப்பல்களுள் நீராவிச் சுழலியால் இயங்கிய முதற்கப்பலும் இதுவே. வேகம் மணிக்கு 21 கடல்மைல். இத்தகைய கப்பலைப் பிற நாட்டாரும் எண்ணியிருந்தனர். இத்தாலியப் பொறியியலாளர் குனிபேர்த்தி 1903இலேயே அக்கருத்தை வெளியிட்டிருந்தார். எனினும் எண்ணத்தைச் செயலாக்குவதில் முந்தியவர் பிஷரே.

ஆனால், புதுக்கப்பல் ஏனை நாட்டாரின் கப்பல்களோடு ஆங்கிலேயரின் சொந்தப் பழங்கப்பல்களையும் ஒருங்கே பழையனவாக்கிற்று. பன்னெடுங்காலம் ஈட்டிய முதன்மை மதிப்பிழக்க, செர்மனி ஏறக்குறையச் சம நிலையிலிருந்து போட்டியைத் தொடங்க முடிந்தது. புதிய கப்பல்கள் செல்வதற்காகக் கீல் கால்வாயையும் அது அகலமாக்கியது. 1909இல் இங்கிலாந்து மக்களின் அச்சத்தினால் நான்குக்குப் பதில் எட்டுக் கப்பல்கள் கட்டப்படலாயின. அச்சம் படைக்கலத்தையும், படைக்கலம் அச்சத்தையும் வளர்த்தன. ஆயத்தமே சமாதானத்தைக் காக்கும் என்ற பிஷரின் துணிபு 1914இல் பொய்த்தது.

அவரிடம் மற்றுமொரு குறையும் இருந்தது. தம்மை மறுத்தோரை அவர் பொறுத்தாரல்லர். அட்மிரல் சாள்ஸ் பெரஸ்ஃபோட் பிரபுவோடு மூண்ட பகை கடற்படையை இரு கட்சியாக்கியது. 1909இல் நிகழ்ந்த விசாரணை பெரஸ்ஃபோட்டின் குற்றச்சாட்டுகளைப் பெரிதும் ஏற்காவிடினும், பிஷருக்கு முழு ஆதரவும் தரவில்லை. 1910 சனவரி 25ஆம் நாள், தமது அறுபத்தொன்பதாவது பிறந்தநாளில், அவர் பதவி நீங்கினார். 1914இல் மீண்டும் அழைக்கப்பெற்று, தார்தனல்ஸ் படையெடுப்புப் பற்றிய கருத்து வேறுபாட்டால் 1915 மேயில் விலகி, 1920இல் காலமானார்.

வினைத்திட்பத்துக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், பெரியாரைத் துணைக்கொள்ளலுக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். முன்னையது பிஷரிடம் நிரம்ப இருந்தது. இடித்துரைப்பாரைப் போற்றும் பின்னையது இல்லாதிருந்தது. கொழும்புத் துறைமுகத்தை நாள்தோறும் காணும் நம் மாணவர் அவரிடமிருந்து கொள்ளத்தக்கவை பல: பள்ளி முடிந்தபின்னும் ஓயாத கல்வி, தொழிலில் இழிவு காணாத நோக்கு, ஏழைக்கும் கல்வி உரியதென்னும் உறுதி. அவரிடம் தேடியும் காணப்படாத ஒன்றும் உண்டு. தாம் திறம்படச் செய்யும் வினை எதற்குப் பயன்படும் என்னும் கேள்வி அது. திறமையைக் கற்பிக்கும் கல்லூரிகள் அக்கேள்வியையும் கற்பித்தல் கடமையாகும்.