உழைக்கும் கைக்கு ஓர் உறை

ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலி முடிந்து பொன்மலைத் தெருக்களின் வழியே வீடு திரும்புகையில் நாம் வழக்கமாகக் காணும் காட்சி ஒன்று உண்டு. வீட்டு வாசலில், வேப்ப மரத்தடியில், ஒரு ஸ்கூட்டரோ மோட்டார் சைக்கிளோ பழைய காரோ நிற்கும். குடும்பத் தலைவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அதன் அருகே குந்தியிருப்பார். பக்கத்தில் ஸ்பானர்கள், கிழிந்த பனியன் துணி, ஒரு தகரக் குவளையில் சிறிது பெட்ரோல். மகன் கருவிகளை எடுத்துக் கொடுப்பான். வேலை முடிந்ததும் தந்தை குவளைப் பெட்ரோலில் கைகளைக் கழுவுவார்; மகனும் அவ்வாறே செய்வான்.

இக்காட்சியில் நாம் பெருமைப்படத் தக்கதும் உண்டு. கவலைப்படத் தக்கதும் உண்டு. தம் வாகனத்தைத் தாமே பழுதுபார்க்கும் திறமையும், அதை மகனுக்குக் கற்றுக் கொடுக்கும் பொறுமையும் பெருமைக்குரியவை. ஆனால் அத்திறமையோடு சேர்த்து, வெறுங்கையால் வேலை செய்யும் பழக்கத்தையும் அல்லவா அவர் மகனுக்குக் கற்றுக் கொடுக்கிறார்!

பொன்மலை கைத்திறனால் வளர்ந்த ஊர். தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை 1928ஆம் ஆண்டளவில் நாகப்பட்டினத்திலிருந்து இங்கு இடம் மாறியபின், அதைச் சுற்றியே குடியிருப்புகளும் பள்ளிகளும் ஆலயமும் எழுந்தன. டீசல் எஞ்சின்களைப் பிரித்துச் சீரமைத்த கைகளும், நீலகிரி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சின் கட்டிக் கொடுத்த கைகளும் இவ்வூர்க் கைகளே. பணிமனையில் அக்கைகளைக் காப்பதற்கு விதிகள் உண்டு, மேற்பார்வை உண்டு, முதலுதவிப் பெட்டி உண்டு. வீட்டு வாசலிலோ இவை ஒன்றும் இல்லை. அங்கே தொழிலாளியும் அவரே, மேற்பார்வையாளரும் அவரே.

எண்ணெய் வெறும் கறைதானா?

"எண்ணெய்தானே, சோப்புப் போட்டால் போய்விடும்" என்பது நம்மவர் சொல்லும் சமாதானம். அறிவியல் கூறுவது வேறு. 1775ஆம் ஆண்டிலேயே இலண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட், புகைபோக்கி துடைக்கும் தொழிலாளருக்கு வரும் தோல் புற்றுநோய்க்கு, உடலில் படியும் புகைக்கரியே காரணம் என்று எழுதினார். 1920களில், இங்கிலாந்தின் லங்காஷயர் நூற்பாலைத் தொழிலாளரிடையே இத்தகைய நோய் கண்டறியப்பட்டது. பொறிகளுக்கு இடும் எண்ணெய் நாள்தோறும் அவர்களுடைய உடையில் ஊறித் தோலில் படிந்ததே அதற்குக் காரணம்.

புதிய எஞ்சின் ஆயிலைவிட, ஓடிக் கறுத்த ஆயிலே கூடுதல் தீங்கானது. எரிபொருள் எரியும்போது உண்டாகும் நச்சுப் பொருள்கள் அதில் சிறிது சிறிதாகச் சேர்கின்றன. அத்தகைய எண்ணெயை எலிகளின் தோலில் தொடர்ந்து பூசி நடத்திய ஆய்வுகளில் கட்டிகள் தோன்றின. நம் நாட்டின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும், அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய தொழில் நோய்களின் பட்டியலில் தோல் புற்றுநோயைச் சேர்த்திருந்தது. ஒரு நாள் எண்ணெய் பட்டுவிட்டதே என்று எவரும் அஞ்ச வேண்டியதில்லை. ஆண்டுக்கணக்கில் மீண்டும் மீண்டும் படுவதே ஆபத்து. அதற்கு முன்பாகவே தோல் வறண்டு, வெடித்து, அரிப்பும் புண்ணுமாகித் தன் துன்பத்தைச் சொல்லத் தொடங்கிவிடும்.

பெட்ரோலில் கை கழுவுவது இதனினும் கெடுதல். 2000ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் ஈயம் கலவாத பெட்ரோலே விற்கப்படுகிறது என்பது உண்மையே. ஆயினும் அதில் நூற்றுக்கு ஒரு பங்குவரை பென்சீன் இருக்கலாம். இரத்தப் புற்றுநோயை உண்டாக்க வல்லது அது. மேலும், தோலுக்கு இயற்கை அளித்துள்ள எண்ணெய்ப் பசையைப் பெட்ரோல் கரைத்துவிடுவதால், பிற நச்சுகள் உட்புகவும் வழி பிறக்கிறது.

அன்பில் பிறந்த உறை

ரப்பர் கையுறை மருத்துவமனைக்கு வந்த வரலாறு சுவையானது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், வில்லியம் ஹால்ஸ்டெட் என்னும் அறுவை மருத்துவர் இருந்தார். அவரிடம் பணிபுரிந்த செவிலி கரோலின் ஹாம்டனின் கைகள், கிருமி கொல்லும் பாதரச மருந்துநீரால் புண்ணாயின. அதைக் கண்டு பொறாத மருத்துவர், குட்இயர் ரப்பர் நிறுவனத்திடம் சொல்லி மெல்லிய கையுறைகளைச் செய்வித்தார். 1890ஆம் ஆண்டில் அவ்விருவரும் மணம் செய்துகொண்டனர். நோயாளியைக் கிருமியிலிருந்து காக்கும் என்பது பின்னர் உணரப்பட்ட நன்மை. முதலில் அந்த உறை பிறந்தது, வேலை செய்யும் ஒரு கையின் துன்பத்தைப் போக்கவே.

எந்த வேலைக்கு எந்த உறை?

எல்லா உறையும் எல்லா வேலைக்கும் உதவா. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பின்னல் நூல் கையுறை, எண்ணெயை உறிஞ்சித் தோலோடு ஒட்டவைத்துக்கொள்ளும்; எண்ணெய் வேலைக்கு அது வெறுங்கையைவிட மேலானதன்று. பாத்திரம் கழுவும் சாதாரண ரப்பர் உறை பெட்ரோலும் ஆயிலும் பட்டால் உப்பி, நெகிழ்ந்து, கிழிந்துவிடும். ஆயில் மாற்றவும், கிரீஸ் தடவவும், உதிரிப் பாகங்களைக் கழுவவும் ஏற்றது நைட்ரைல் என்னும் செயற்கை ரப்பர் உறை. நீல நிறத்திலோ கறுப்பு நிறத்திலோ மருந்துக் கடைகளிலும் கிடைக்கிறது. சிறு துளை விழுந்தாலும் அதை எறிந்துவிட வேண்டும்.

சூடான சைலன்சரையோ கூரிய தகட்டையோ தொடுவதற்குத் தோல் கையுறை வேண்டும். மெல்லிய நைட்ரைல் அங்கே உருகிக் கையில் ஒட்டிக்கொள்ளும். பேட்டரியில் உள்ள கந்தக அமிலத்துக்கு, மணிக்கட்டுக்கு மேலும் ஏறும் தடித்த ரப்பர் உறையும், கண்ணாடியும் தேவை. அமிலம் பட்டுவிட்டால் ஓடும் நீரில் கால் மணி நேரமாவது கழுவிய பிறகே மற்றவை.

பேட்டரியைத் தொடுமுன் திருமண மோதிரத்தையும் உலோகக் கைக்கடிகாரத்தையும் கழற்றி வைத்துவிடுங்கள். பன்னிரண்டு வோல்ட் மின்சாரம் உடலை உலுக்காது. ஆனால் ஸ்பானரும் மோதிரமும் ஒன்றாக இரு முனைகளையும் இணைத்துவிட்டால், மோதிரம் நொடியில் பழுக்கக் காய்ந்து விரலைச் சுட்டுவிடும்.

உறையைக் கழற்ற வேண்டிய வேளை

நாம் அறிந்த குடும்பம் ஒன்றில் நிகழ்ந்ததை இங்கே சொல்ல வேண்டும். மகன் தன் மோட்டார் சைக்கிளை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, கியரும் போட்டு, சுழலும் சங்கிலியைத் துணியால் துடைத்தான். கையில் நூல் கையுறை. துணியின் ஓரம் பல்சக்கரத்தில் சிக்கியது. உறையும் கூடவே சென்றது. இரண்டு விரல்களின் நுனிகள் போயின. மருத்துவமனை வராந்தாவில் தாய் நம்மிடம் கேட்ட கேள்வி இன்றும் காதில் ஒலிக்கிறது: "உறை போட்டுக்கொண்டுதானே வேலை செய்தான்? பிறகு ஏன் இப்படி ஆயிற்று?"

அந்தத் தாய்க்கு அன்று நம்மால் விடை சொல்ல இயலவில்லை. இன்று சொல்கிறோம். உறை என்பது எண்ணெய்க்கும், அமிலத்துக்கும், சூட்டுக்கும் தடை. சுழலும் பொறிக்கோ அதுவே தூண்டில். வெறும் விரல் ஒருவேளை விலகித் தப்பலாம்; உறையின் நூலைப் பற்றிய சக்கரம் கையையே இழுத்துக்கொள்ளும். ஓடும் பொறியருகே வேலை செய்பவர் உடலோடு ஒட்டிய உடையே அணிய வேண்டும் என்று அந்தத் தொழிற்சாலைச் சட்டம் விதித்ததும் இதனால்தான். ஆகவே, சங்கிலியைத் துடைக்குமுன் எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிடுங்கள். சக்கரத்தைக் கையால் சிறிது நகர்த்தி, அது நின்ற பிறகே துடையுங்கள். துளையிடும் மின்கருவியை இயக்கும்போது தொளதொளத்த உறை ஆகாது. கார் எஞ்சினை நிறுத்திய பிறகும் ரேடியேட்டரின் மின்விசிறி தானே சுழலத் தொடங்கக்கூடும் என்பதையும் மறவாதீர்கள்.

வேலை முடிந்த பின்

உறையைக் கழற்றும்போது, அதன் வெளிப்புறம் தோலில் படாதபடி உட்புறம் வெளியே வருமாறு உரித்தெடுங்கள். கையில் கறை இருந்தால் சிறிது தேங்காய் எண்ணெய் தடவித் தேய்த்துத் துடைத்து, பிறகு சோப்பினால் கழுவுங்கள். எண்ணெய்க் கறை இளகி வந்துவிடும். பெட்ரோல் தேவையே இல்லை. எண்ணெய்த் துணியைக் கைலி மடிப்பிலோ கால்சட்டைப் பையிலோ செருகும் வழக்கத்தை விடுங்கள். லங்காஷயர்த் தொழிலாளரை நினைவில் கொள்ளுங்கள். அந்த உடையைக் குழந்தைகளின் உடையோடு ஊறப்போடவும் வேண்டாம். அதைத் துவைப்பவை பெரும்பாலும் இல்லத் தலைவியின் கைகள். அவரும் உறை அணியட்டும். வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல், அதைச் சேகரிக்கும் பணிமனையில் ஒப்படையுங்கள்.

1955ஆம் ஆண்டில் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். நாசரேத்தூர்த் தச்சரின் கைகளைப் போற்றும் நாம், நம் வீட்டுத் தந்தையின் கைகளையும் போற்ற வேண்டாமா? பிள்ளைகளின் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைபவையும் அக்கைகள் அல்லவா!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகனிடம் ஸ்பானரைக் கேட்குமுன், அவனுக்கு ஓர் இணை உறையைக் கொடுத்து, நீங்களும் ஓர் இணை அணிந்துகொள்ளுங்கள். எப்போது அணிவது என்பதோடு எப்போது கழற்றுவது என்பதையும் அவனுக்குச் சொல்லிக் கொடுங்கள்.